இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஹைக்கூ: மாணவர்கள் எதை எடுக்கலாம், எப்படி முடிக்கலாம்

ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை மாணவர்களுக்கு இறுதியாண்டு புராஜெக்ட் வழிகாட்டியாக இருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் தலைப்புப் பட்டியல்கள் என் மேசைக்கு வந்துவிடும். வருகைப்பதிவு, நூலக மேலாண்மை, முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு. இவற்றில் பல காசு கொடுத்து வாங்கியவை என்பது மாணவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வைவா முடிந்த மறுநாள் அந்த நிரலை எழுதியவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை. இருபத்தொரு வயதில் ஒருவருக்கு இருக்கும் உழைப்புச் சக்தி இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். முன்பின் தெரியாத மனிதர்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு திறமூல இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு குறையைச் சரிசெய்யுங்கள். அந்தத் திருத்தம் மூல நிரலில் சேர்த்துக்கொள்ளப்படும் வரை விடாதீர்கள். அதற்கு ஹைக்கூவைப் பரிந்துரைக்கிறேன்.

லினக்ஸ் மேசைக்கணினியைத் தொட நினைத்தால் கர்னல் ஒரு குழுவிடம், வரைகலை அடுக்கு இன்னொரு குழுவிடம், க்னோம், கேடிஇ என்ற மேசைத்தள இடைமுகங்கள் வேறு வேறு குழுக்களிடம் இருக்கும். ஒரு மாணவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று புரிந்துகொள்வதற்குள் பருவம் முடிந்துவிடும். ஹைக்கூவில் கர்னல் முதல் கோப்பு மேலாளர் வரை ஒரே களஞ்சியத்தில், ஒரே குழுவின் கையில், ஒரே நிரலாக்க நடையில் இருக்கின்றன. விசையை அழுத்தும் கணத்திலிருந்து திரையில் எழுத்து தோன்றும் கணம் வரை உள்ள பாதை முழுவதையும் ஒருவர் தனியாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். கற்பதற்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ழான் லூயி கஸே 1990இல் தொடங்கிய பீ நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் பீஓஎஸ். 2001இல் அந்நிறுவனத்தின் சொத்துகளைக் கைக்கணினி தயாரித்த பாம் (Palm) நிறுவனம் வாங்கியது. பீஓஎஸ்ஸை விட மனமில்லாத ஆர்வலர்கள் அதே ஆண்டு அதைத் திறமூலமாக முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். 2004இல் அந்தத் திட்டம் ஹைக்கூ என்ற பெயரைப் பெற்றது. முதல் ஆல்ஃபா 2009இலும், முதல் பீட்டா 2018இலும், ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரிலும் வந்தன. உரிமம் எம்ஐடி. பெரும்பகுதி நிரல் சி++ மொழியில் இருக்கிறது.

முதலில் பயன்படுத்துங்கள்

எனிபூட் என்ற நிறுவல் படிமத்தைப் பென்டிரைவில் எழுதி, ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றில் ஏற்றுங்கள். பழைய இயந்திரம் என்று தயங்க வேண்டாம், இது மிக இலகுவான இயங்குதளம். கணினி கிடைக்காவிட்டால் க்யூஈஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டலாம். ஒரு வாரம் உங்கள் அன்றாட வேலைகளை அதிலேயே செய்யுங்கள். படம் பாருங்கள், பாடக்குறிப்பு எழுதுங்கள், கோப்புகளை நகர்த்துங்கள். எரிச்சல் ஊட்டும் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைப்பு அந்த நோட்டிலிருந்து வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் யோசனைப் பட்டியலிலிருந்து தலைப்பை எடுப்பவர் நடுவில் சோர்ந்துவிடுகிறார். தனக்கே தைத்த முள்ளை எடுப்பவர்தான் கடைசி வரை நிற்கிறார்.

அடுத்தது மூல நிரலிலிருந்து நீங்களே படிமத்தை உருவாக்குவது. லினக்ஸ் கணினியில் இரண்டு களஞ்சியங்களை இறக்க வேண்டும்: ஹைக்கூ ஒன்று, அதற்கான கம்பைலர் கருவிகள் இன்னொன்று. கோப்பு முறைமை பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளை வேறுபடுத்திப் பார்ப்பதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். ‘கன்ஃபிகர்’ ஓட்டும்போது 64 பிட் இலக்கையே தேர்ந்தெடுங்கள். 32 பிட் பதிப்பு பழைய பீஓஎஸ் செயலிகளுக்காக ஜிசிசி கம்பைலரின் மிகப் பழைய 2.95 பதிப்பையும் சுமந்துகொண்டிருக்கிறது. தொடக்கத்திலேயே அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம். பிறகு ‘ஜாம்’ கருவி எல்லாவற்றையும் தொகுக்கும். முதல் முறை நெடுநேரம் ஆகும். மாலையில் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அதன்பின் ஒரு கோப்பை மாற்றினால் மாறிய பகுதி மட்டும்தான் மறுபடி தொகுக்கப்படும்.

சி++ தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஹைக்கூவில் ஒவ்வொரு சாளரமும் தனி த்ரெட்டில் ஓடுகிறது. வேறொரு த்ரெட்டிலிருந்து ஒரு சாளரத்தைத் தொடும் முன் அதைப் பூட்ட வேண்டும். ‘இயக்க முறைமைகள்’ பாடத்தில் தேர்வுக்காகப் படித்த பூட்டும் முட்டுக்கட்டையும் இங்கே உண்மையாகவே உங்களைத் தடுத்து நிறுத்தும். நான் மாணவர்களை இங்கே அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எளிய வாசல்: ட்ராக்கர் துணைநிரல்

தயக்கத்தோடு வருகிறவர்களுக்கு முதலில் தருவது இதுதான். ஹைக்கூவின் கோப்பு மேலாளர் ட்ராக்கர். அதற்குத் துணைநிரல் எழுத ‘ப்ராசஸ்_ரெஃப்ஸ்’ என்ற ஒரே ஒரு ஃபங்ஷன் போதும். பயனர் தேர்ந்தெடுத்த கோப்புகளின் பட்டியலை ட்ராக்கர் உங்கள் கையில் கொடுத்துவிடும். அதை வைத்து என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

நான் சொல்லும் தலைப்பு, ஒளிப்படங்களுக்குள் கேமரா எழுதிவைக்கும் விவரங்களைப் படித்து அவற்றைக் கோப்பின் பண்புக்கூறுகளாக எழுதுவது. ஹைக்கூவின் பிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் எந்தக் கோப்போடும் பெயர்களையும் மதிப்புகளையும் சேர்த்துவைக்கலாம். அவற்றுக்கு இன்டெக்ஸ் அமைத்தால், தரவுத்தளத்தில் தேடுவதைப் போலத் தேடலாம். ஹைக்கூவில் மின்னஞ்சல்கள் இப்படித்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மடலும் ஒரு கோப்பு, அனுப்பியவரும் பொருளும் அதன் பண்புக்கூறுகள். ‘சென்ற ஆண்டு டிசம்பரில், இந்தக் கேமராவில் எடுத்தவை’ என்று வினவல் சாளரத்தில் கேட்டுவிட்டு, அதைத் திறந்தே வைத்திருங்கள். இன்னொரு படத்துக்குத் துணைநிரலை ஓட்டினால், அந்தப் படம் தானாகவே அந்தச் சாளரத்தில் வந்து அமரும். வைவாவுக்கு வரும் தேர்வாளரிடம் இதைக் காட்டினால் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார்.

ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெக்ஸ் உருவாகும் முன் எழுதப்பட்ட பண்புக்கூறுகள் அதில் சேராது. ஆயிரம் படங்களுக்கு விவரம் எழுதிவிட்டு, பிறகு இன்டெக்ஸ் அமைத்துத் தேடினால் ஒன்றுகூட வராது. அவற்றை ‘ரீஇன்டெக்ஸ்’ கட்டளையால் சேர்க்க வேண்டும். உங்கள் துணைநிரல் முதல் முறை ஓடும்போதே இன்டெக்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளட்டும்.

தமிழுக்கு மிகவும் தேவையான வேலை

நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டு, ஹைக்கூவோடு வரும் உரைத்திருத்தியான ஸ்டைல்டுஎடிட்டில் ‘பெட்டி’ என்ற சொல்லை ஒட்டிப் பாருங்கள். ஐந்தாம் பீட்டாவில் ஒற்றைக் கொம்பு ‘ப’வுக்கு இடப்பக்கம் வராமல் வலப்பக்கம் வந்து, அடுத்த ‘ட்’டின் தலைமாட்டில் நிற்கிறது. படிப்பவருக்கு அது ‘ட’வின் கொம்பாகத் தெரியும். ‘கு’, ‘மு’ போன்றவை தனி வடிவம் பெறாமல் எழுத்து ஓரிடத்திலும் குறி ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. தமிழில் ஒரு பத்தியை இப்படி வாசிக்க முடியாது.

காரணத்தைத் தேடிப் போவதே ஒரு நல்ல பாடம். யூனிகோடில் ‘பெ’ என்பது முதலில் ‘ப’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரைக்கு வரும்போது இடத்தை மாற்றி வைப்பது, வடிவங்களைச் சேர்ப்பது ஆகியவை ஓர் எழுத்தமைப்பு எந்திரத்தின் பொறுப்பு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் இதைச் செய்கிறது. ஹைக்கூவில் திரையில் வரைவது ‘ஆப் சர்வர்’. அதன் எழுத்துருப் பகுதியில் ‘கிளிஃப் லேஅவுட் எஞ்சின்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். யூடிஎஃப்-8 சரத்திலிருந்து ஒரு யூனிகோடு குறியை எடுக்கும், எழுத்துருவில் அதன் வடிவத்தைத் தேடும், அகலத்தின் அளவு நகரும், அடுத்த குறிக்குப் போகும். ஆங்கிலத்துக்கு இது போதும். இரண்டு குறிகளைச் சேர்த்துப் பார்க்கும் இடம் அந்தச் சுழலில் இல்லாததால் தமிழும் தேவநாகரியும் மலையாளமும் உடைகின்றன.

ஹார்ஃப்பஸ் ஏற்கெனவே ஹைக்கூபோர்ட்ஸில், அதாவது ஹைக்கூவுக்கு மாற்றியமைத்த பிற மென்பொருள்களின் தொகுப்பகத்தில், கிடைக்கிறது. அதை ஆப் சர்வருக்குள் சேர்த்தால் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வேலை மூன்று அடுக்கில் இருக்கிறது. வரைவது முதல் அடுக்கு. ஒரு சரம் எத்தனை புள்ளி அகலம் பிடிக்கும் என்று அளப்பது இரண்டாவது. வரைவதும் அளப்பதும் ஒத்துப்போகாவிட்டால் பொத்தானுக்கு வெளியே எழுத்து வழியும். கர்சர் நகர்வது மூன்றாவது. எழுதும் பெட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான ‘பிடெக்ஸ்ட்வியூ’ ஒவ்வொரு குறியின் அகலத்தையும் தனித்தனியாக நினைவில் வைத்துக் கூட்டிக்கொள்கிறது. அம்பு விசையை அழுத்தினால் யூடிஎஃப்-8இன் அடுத்த குறிக்குத் தாவுகிறது. அதனால் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கு நடுவில், ‘க’வுக்கும் விசிறிக்கும் இடையே, கர்சர் நிற்கும்.

மூன்றையும் ஒரு பருவத்தில் முடிக்கிறேன் என்று எழுதிக்கொடுக்காதீர்கள். ஒன்றை எடுங்கள். நான் மூன்றாவதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். கர்சர் முழு எழுத்தாகத் தாவும்படி செய்வது தனியாக நிற்கக்கூடிய வேலை. ஹைக்கூவின் லொக்கேல் கிட் என்ற மொழிசார் பகுதி, யூனிகோடைக் கையாளும் ஐசியூ நூலகத்தின் மேல் அமைந்திருப்பதால், எழுத்தின் எல்லை எங்கே என்று கேட்க வழி ஏற்கெனவே இருக்கிறது. பின்நகர்வு விசையை அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்பதை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். ‘கி’யில் விசிறி மட்டும் போக வேண்டுமா, எழுத்தே போக வேண்டுமா? தட்டச்சு செய்பவர்கள் பெரும்பாலும் குறியை மட்டும் திருத்தவே விரும்புகிறார்கள் என்பது என் கணிப்பு. உங்கள் வகுப்பில் தமிழில் தட்டச்சு செய்யும் நண்பர்களை உட்காரவைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

முதல் அடுக்கை எடுப்பவர் வேகத்தைப் பற்றிய கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சாளரம் புதுப்பிக்கப்படும்போதும் ஹார்ஃப்பஸை அழைத்தால் எல்லாச் சாளரங்களும் மெதுவாகும். எனவே தற்காலிகச் சேமிப்பு வேண்டும். ஆங்கிலச் சரங்களைப் பழைய வழியிலேயே அனுப்பலாம். இரண்டையும் அளந்து எண்களோடு போய் நின்றால் மீளாய்வில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

இதோடு ஒட்டியது தமிழ்99 விசைப்பலகை முறையில் உள்ளீடு. வெறும் விசைவரைபடத்தால் தமிழ்99ஐச் செய்ய முடியாது. மெய்யை அடுத்து உயிரை அடித்தால் உயிர்மெய்யாக வேண்டும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழ வேண்டும். ‘ங’வை அடுத்து ‘க’ வந்தால் ‘ங்க’ ஆக வேண்டும். முன்பு என்ன அடிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் உள்ளீட்டு முறை தேவை. ஹைக்கூவின் ‘இன்புட் சர்வர்’ அதற்கு இடம் தருகிறது. ஜப்பானிய மொழிக்கான கன்னா துணைநிரல் மூல நிரலிலேயே இருக்கிறது, அதை வரி வரியாகப் படியுங்கள். அளவில் அடக்கமான, முடிக்கக்கூடிய, பார்த்தவுடன் பயன் தெரிகிற தலைப்பு இது.

இடைமுகத்தைத் தமிழாக்கம் செய்கிறேன் என்று ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறேன். எழுத்து உடைந்து தெரியும் திரையில் எவ்வளவு நல்ல தமிழாக்கமும் படிக்கப்படாது.

வேறு சில தலைப்புகள்

கோப்பு முறைமைகளில் விருப்பம் உள்ளவர்களுக்கு ‘எஃப்எஸ் ஷெல்’ ஒரு வரம். கர்னலுக்குள் ஏற்றாமல், லினக்ஸ் கணினியிலேயே சாதாரண நிரலைப்போல ஒரு கோப்பு முறைமையை ஓட்டிப் பார்க்கலாம். தவறினால் அந்த நிரல் மட்டும் நிற்கும், டிபக்கரில் பார்த்துத் திருத்தலாம். கூகுளின் கோடைத் திட்டங்களில், எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையிலிருந்து ஹைக்கூ படிக்கும்படி செய்யும் வேலையை ஒரு மாணவர் 2020இல் செய்தார், 2022இல் இன்னொருவர் அதைத் தொடர்ந்தார். விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரும்படி எழுதப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான வசதிகள் ஹைக்கூவில் மிகக் குறைவு. உருப்பெருக்கும் ‘மேக்னிஃபை’ இருக்கிறது, திரையை வாசித்துச் சொல்வதற்கான அடித்தளம் இல்லை. அந்த அடித்தளத்தை அமைப்பது ஒரு மாணவருக்குப் பெரிய பாரம். ஆனால் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, அமைப்புச் செயலிகள் ஒவ்வொன்றையும் டேப் விசையால் மட்டும் இயக்கிப் பாருங்கள். எங்கெல்லாம் போய்ச் சேர முடியவில்லை, எங்கே வரிசை தாறுமாறாக இருக்கிறது என்று பட்டியலிட்டுத் திருத்துங்கள். பல இடங்களில் ஒரு ஃப்ளாக் சேர்த்தாலே போதும். சிறு சிறு பேட்ச்களாக (நிரல் திருத்தங்களாக) அனுப்பக்கூடிய, யாருக்கோ உடனே உதவுகிற வேலை. இதை யாராவது எடுக்க மாட்டார்களா என்று ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறேன்.

சி++ கைவராதவர்கள் ஹைக்கூபோர்ட்ஸுக்குப் போகலாம். தங்களுக்குப் பிடித்த ஒரு திறமூலச் செயலியை எடுத்து, ஹைக்கூவில் தொகுக்கவைத்து, அதைத் தொகுக்கும் முறையைச் சொல்லும் ‘ரெசிபி’ கோப்பை எழுதுவது வேலை.

முப்பரிமாண வரைகலை இயக்கிகள், உலாவியை மாற்றி எழுதுவது, கையில் இல்லாத வன்பொருளுக்கு இயக்கி எழுதுவது ஆகிய மூன்றையும் நான் கையெழுத்திட்டு அனுமதிப்பதில்லை.

பேட்ச் அனுப்புவது

பெரிய தலைப்பைத் தொடும் முன் சிறிய பேட்ச் ஒன்றை உள்ளே சேர்த்துவிடுங்கள். வழுப் பதிவேட்டில் ‘எளியவை’ என்று குறிக்கப்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து, அது இன்றைய பதிப்பிலும் நிகழ்கிறதா என்று முதலில் சோதியுங்கள். பல வழுக்கள் எப்போதோ சரியாகி, பதிவு மட்டும் மூடப்படாமல் கிடக்கும். அதைக் கண்டு எழுதுவதும் உதவிதான்.

நிரலாக்க நடையில் ஹைக்கூ குழு கண்டிப்பானது. உள்தள்ளலுக்கு டேப், வகுப்பின் உறுப்பு மாறிகளுக்கு முன்னால் சிறிய ‘எஃப்’, மாறிலிகளுக்கு ‘கே’, இரண்டு ஃபங்ஷன்களுக்கு நடுவே இரண்டு வெற்று வரிகள். இதையெல்லாம் சுட்டிக்காட்டினால் மாணவர்கள் முகம் வாடுகிறார்கள். வாட வேண்டியதில்லை. நாடு நாடாகப் பரவியிருக்கும் ஒரு குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிய நிரல் ஒரே கையெழுத்தில் இருப்பதுபோல் தெரிவது அந்தக் கண்டிப்பால்தான்.

மீளாய்வு கெரிட் என்ற இணையக் கருவியில் நடக்கிறது. கருத்து வந்தால் புதிய கமிட் போடாதீர்கள், பழைய கமிட்டையே திருத்தி மீண்டும் அனுப்புங்கள். அதன் அடையாள எண் மாறாமல் இருந்தால்தான் பழைய உரையாடல் அதோடு ஒட்டி இருக்கும். பொது வகுப்புகளில் புதிய மெய்நிகர் ஃபங்ஷனைச் சேர்க்கும் முன் கேளுங்கள். பழைய செயலிகள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால், முன்பே ஒதுக்கிவைத்த இடங்களில்தான் சேர்க்க முடியும். நீங்களே விளக்க முடியாத ஒரு வரியைக்கூட அனுப்பாதீர்கள். மீளாய்வு செய்பவர்கள் தங்கள் மாலை நேரத்தை உங்களுக்குத் தருகிறார்கள்.

கர்னலில் வேலை செய்பவர்கள் ஒருநாள், கர்னல் நிலைகுலையும்போது வரும் ‘கர்னல் டிபக்கிங் லேண்ட்’ திரையைப் பார்ப்பார்கள். பதறி மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். ‘bt’ என்று அடித்தால் எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற வரிசை கிடைக்கும். க்யூஈஎம்யூவில் சீரியல் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவைத்தால், திரை போனாலும் அந்தப் பதிவு மிஞ்சும்.

கோடைத் திட்டமும் கல்லூரிக் கால அட்டவணையும்

புதியவர்களைத் திறமூல வேலைகளில் ஈடுபடுத்தும் கோடைத் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடில் ஹைக்கூ முதன்முதலாக 2007இல் பங்கேற்றது. ஏற்கப்பட்ட அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி வாக்கில் வரும், விண்ணப்பம் மார்ச் இறுதி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. திட்டங்கள் 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவில் இருக்கின்றன. ஹைக்கூ குழு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பேட்சை எதிர்பார்க்கிறது. ஆகவே ஜனவரியில் தொடங்கும் எட்டாம் பருவப் புராஜெக்டில் முதல் பகுதியை முடித்துவிட்டு, தொடர்ச்சியைக் கோடைக்கு முன்மொழிவது நம் ஊர் மாணவர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு.

முன்மொழிவில் உங்களைப் பற்றி ஒரு பத்தி போதும். எந்தக் கோப்புகளை மாற்றப்போகிறீர்கள், எதைத் தொடப்போவதில்லை, வேலை சரியாக நடக்கிறது என்று எப்படிச் சோதிப்பீர்கள், செமஸ்டர் தேர்வு எந்த வாரங்களில் வருகிறது என்பவற்றை எழுதுங்கள். தேர்வு நாட்களை மறைக்காதீர்கள். அங்கே இருப்பவர்களும் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

பருவம் முடியும்போது வேலை பாதியில் இருந்தால், வழுப் பதிவிலேயே எழுதிவிட்டுப் போங்கள்: எது முடிந்தது, எது ஓடவில்லை, எந்த வழியை முயன்று ஏன் கைவிட்டீர்கள், உங்கள் கிளை எங்கே இருக்கிறது. அடுத்த டிசம்பரில் வரும் அணிக்கு நான் அந்தப் பதிவின் எண்ணைத் தலைப்பாகக் கொடுப்பேன்.